வெள்ளைச் சதுரம்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தைச் சேற்றில் வைக்கிறேன்.
உள்ளே அகப்பட்டவை:
கண்ணாவின் மூச்சுவேர் நாற்பத்தொன்று,
நண்டு இரண்டு வகை,
நத்தை ஒன்று,
தோணிக்காரன் புவிதரனின் இடதுகால் செருப்பு.
எடு என்றால்
"அதுவும் இஞ்சதானே சீவிக்குது" என்கிறான்.

பத்துச் சட்டம் வைத்ததில்
பதினாலு வகை.
ஐம்பதில் இருபத்தொன்று.
மறுகா எத்தனை வைத்தாலும்
அதே கண்ணா அதே தில்லை அதே கிண்ணை,
மண்முனைப் பாலம் வரைக்கும்
ஒப்பிக்கிற வாய்ப்பாடு.
தோணியைத் திருப்பி
முகத்துவாரத்தில் கடலுப்பு ஏறும் இடத்தில் வைத்தோம்.
எண்ணிக்கை
மீன் துள்ளுவது போல் துள்ளியது.

வந்தாறுமூலையில்
மின்விசிறி சுற்றாத அறையில்
ஜெசீமா உலகத்தை விரிக்கிறாள்.
நூறு கிலோமீட்டருக்கு ஒரு சதுரம்.
துருவத்தில் வெளிறிய மஞ்சள்,
இறங்க இறங்கச் செம்மை,
நடுக்கோட்டருகே இரத்தக் கட்டி.
ஏழே முக்கால் பாகையில் நாங்கள்.
எங்கள் சதுரமும் சிவப்புத்தான்:
கல்லோயாக் குளத்தை நீந்திக் கடக்கும் யானை,
வாவி இறால்,
அரைவாசிக் கடல்,
எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு.
மேற்கே மழைக்காட்டின் ஒரு மலைச்சரிவு
எங்கள் மாவட்டம் முழுவதையும் விழுங்கி ஏப்பம் விடும் என்பது
இந்தச் சிவப்புக்குத் தெரியாது.

பத்துக் கிலோமீட்டருக்கு இறக்கினாள்.
சிவப்பு உடைந்து
பொத்துவில் வீதியோரம் சிந்தியது,
குமண வாசலில் தேங்கியது.
வடமுனை வெள்ளை.
தொப்பிகல் வெள்ளை.
இந்தப் படத்தின்படி
எங்கள் பறவைகள்
தார் வீதியை விட்டு முந்நூறு மீட்டருக்கு அப்பால்
முட்டையிடுவதில்லை.
தங்குவிடுதிக்குப் பக்கத்தில்தான் கூடு,
அதுவும் காலைச் சாப்பாட்டோடு.

ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர்
மிகப் பண்பாகக் கேட்டிருந்தார்:
உங்கள் உட்பகுதி ஏன் இவ்வளவு ஏழை?

ஐயா,
படிவத்தில் பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு.
பூச்சியம் என்றால் போனோம், பார்த்தோம், இல்லை.
வெற்றிடம் என்றால் போகவில்லை.
ஏன் போகவில்லை என்று எழுத
நீங்கள் கட்டம் வைக்கவில்லை.
அந்தக் காட்டுக்குள் அத்தனை வருடம் போனவர்கள்
குருவி எண்ணப் போகவில்லை.
மறுகா சிவப்புப் பலகை, மண்டையோடு.
அதற்கு அப்பால் இரவில் ஏதோ கூவும் என்று
மாடு தேடிப் போன சீனித்தம்பி சொல்கிறார்.
நடித்தும் காட்டினார்,
கழுத்தை உள்ளிழுத்து, மூன்று தரம்.
"ஆதாரம்" என்ற நிரலில்
அந்தக் கழுத்தை எப்படி இடுவது?

அனுப்பவில்லை.

தை மாதம் களப்பில் ஓர் உள்ளான் பிடிபட்டது,
காலில் வளையம்.
அந்த வெளிறிய மஞ்சளில் பொரித்த குஞ்சு.
அங்கும் ஒன்று, இங்கும் ஒன்று
என்று ஒரே உயிர் இரு முறை.
ஜெசீமா எதையும் அழிக்கவில்லை.
"ரெண்டு இடத்திலும் பசிச்சிருக்கும்" என்றாள்.

பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று தெரிந்த கிழமை
வடமுனைக்குக் கிளம்பினோம்.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு சட்டம்.
ஜெசீமா வீட்டில் கண்டி என்று சொல்லியிருந்தாள்.
முதல் சட்டத்தில்
எறும்பு மூன்று வகை,
பெயர் தெரியாத புல்,
காய்ந்த யானை லத்தி,
லத்தியைப் பிளந்துகொண்டு இரண்டிலை விட்ட ஏதோ ஒரு மரம்.
எழுதிக்கொண்டிருக்கும்போது
கூவியது.
மூன்று தரம்.
எழுது என்றான் புவிதரன்.
சட்டத்துக்கு வெளியே, என்றேன்.

அவன் இடதுகால் செருப்பைக் கழற்றி
சத்தம் வந்த திக்கில் வீசினான்.
"விழுந்த இடத்தில வை."