உறவினரல்லாத இருவர்

திருநெல்வேலிச் சந்தியில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
பிரின்ற் பக்கம் இருபது, கலரென்றால் அறுபது,
சீவி அடிக்க முந்நூறு.
முதல் இரண்டு திருத்தத்துக்குக் காசில்லை.

கரண்ட் போய் வந்த ஒரு வியாழக்கிழமை
பிறேமளா வந்தாள்.
பொலித்தீன் பைக்குள் ஓ.எல். சான்றிதழ்,
பேப்பரில் கிழித்த ஒரு துண்டு:
களஞ்சியப் பொறுப்பாளர். வயது நாற்பத்தைந்துக்குள்.
"எனக்கு நாப்பத்திநாலு. ஆவணி மட்டும்."

குறிக்கோள் என்ன என்றேன்.
"வேலை எடுக்கிறதுதானே பிள்ளை."
நான் அடித்தேன்:
வளர்ந்துவரும் நிறுவனமொன்றில்
எனது ஆற்றலை முழுமையாக ஈடுபடுத்தல்.
திரையை எட்டிப் பார்த்தாள்.
"ஆர் உப்பிடிச் சொன்னது?"

இரண்டாயிரத்து மூன்றிலிருந்து ஆறு வரை
கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுவை.
இருபத்தொன்றிலிருந்து கோழித்தீன் கடையில் கணக்கு.
நடுவில் பதினைந்து வருடம்
வெள்ளையாகக் கிடந்தது.

இதற்கு இடைவெளி என்று பெயர் அக்கா,
நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்.
"இடைவெளியோ?
எனக்கு மூச்சுவிட நேரம் இருக்கேல்லை."

பிறகு சொல்லத் தொடங்கினாள், வரிசையில்லாமல்.
ஐந்து பேர் சேர்ந்து எடுத்த குழுக்கடன்.
ஒருத்தி இரவோடிரவாக வவுனியாவுக்குப் போக
அவளுடைய தவணையையும் தன் கொப்பியில் எழுதிக் கட்டியது.
தலைமைத்துவம், என்று அடித்தேன்.
செவ்வாய்க்கிழமைகளில் விடிய ஏழு மணிக்கு
கேற்றடியில் மோட்டார்சைக்கிள் நிற்கும்;
அதில் இருந்தவனோடு கோபப்படாமல் கதைத்தது.
தொடர்பாடல் திறன்.
உள்ளே பிள்ளைகள் சத்தம்போடாமல் இருக்கவேண்டும்,
உலையில் அரிசி பொங்கிக்கொண்டிருக்கும்.
அழுத்தத்தின் கீழ் பணியாற்றல்.
"உதுக்கெல்லாம் பேர் இருக்கோ?" என்றாள்,
கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து.

தாலிக்கொடியை ஏழு தடவை அடகு வைத்திருக்கிறாள்.
வைத்த தேதி, மீட்ட தேதி, வட்டி,
எல்லாம் மனப்பாடம்.
அதற்கு மட்டும் சொல் வரவில்லை.
பொறுங்கோ என்றேன். யோசித்தேன்.
அந்த வரியை அழித்துவிட்டேன்.

எதிர்பார்க்கும் சம்பளம்?
வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்,
யாரோ கடன் கேட்க நிற்பதுபோல.
பேசித் தீர்மானிக்கலாம் என்று போடுவம், என்றேன்.
"ஐயோ, எனக்குப் பேச வராது.
அவை தாறதைப் போடு."

கடைசியில் அந்தப் பெட்டி.
உறவினரல்லாத இருவர்:
பெயர், பதவி, தொலைபேசி.
"எங்கட ஒழுங்கையில உறவில்லாத ஆள்
தபால்காரர் ஒருத்தர்தான் இருந்தவர்.
அவரும் போன வருசம் என்ர மச்சாளைக் கட்டியிட்டார்."
பழைய மனேச்சர் அருளம்பலத்தின் நம்பர்
சான்றிதழுக்குப் பின்னால் பென்சிலில் இருந்தது.
ஒன்று.

மற்றதற்கு என்னைப் பார்த்தாள்.

ஏழு வருடம் இந்தக் கதிரையில்.
ஊரில் பாதிப்பேருடைய ஆளுமையை நான்தான் அடித்தேன்.
எனக்கென்று ஒரு ஃபைல் இல்லை.
ந. வதனரூபி, என்று அடித்தேன்.
பதவி.
கோடு மினுங்கி மினுங்கி நின்றது.
முதலாளி தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
தட்டச்சாளர். அழித்தேன்.
ஆவணத் தயாரிப்பு அலுவலர்.
எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் விட்டேன்.

மேற்கூறிய யாவும் உண்மையென
இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.
அதற்குக் கீழே கையெழுத்து வைத்தாள்,
ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.
முந்நூறில் இருபது குறைந்தது.
நாளைக்குத் தாறன் என்றாள்.

மூன்று கிழமை கழித்துத் தெரியாத நம்பர்.
மனிதவளப் பிரிவு, ஒரு ஆண்குரல்.
பின்னால் குளிர்சாதனம் இரைந்தது.
"பிறேமளாவை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?"

வியாழக்கிழமையிலிருந்து, என்றேன்.

எந்த வியாழன் என்று
அவர் கேட்கவில்லை.