சேஸிஸ் நம்பர்

ஐப்பசியில் விழுந்த இடி
தாழையூத்து எடைமேடையில்
எந்த லாரியையும் தொடவில்லை.
மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள் புகுந்து
மதர்போர்டை மட்டும் கருக்கிவிட்டுப் போனது.

மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாதுஷா வந்தார்.
புதுப் போர்டில் பழைய விண்டோஸ் ஏறாதென்று
புதுசை ஏற்றினார்.
ஹார்ட் டிஸ்க் பழசுதான் வடிவக்கா,
ஆறு வருசச் சீட்டும் உள்ளதான் கெடக்கு,
ஒண்ணும் போவல என்று
டீ கூடக் குடிக்காமல் பைக்கை எடுத்தார்.

ஒன்றும் போகவில்லைதான்.
திரையின் வலது மூலையில்
வெளிறிய சாம்பல் எழுத்தில்
உரிமம் கேட்டு ஒரு வரி வந்திருந்தது.
எடை போடும் மென்பொருளுக்கு
அந்த நாசூக்கும் இல்லை.
நடுத்திரையில் நின்று, நீ யார் என்றது.

மேடையில் அருள்ராயப்பனின் லாரி,
நனைந்த சுண்ணாம்புக் கல்.
மீட்டரில் சிவப்பாக எரிகிறது
27,460.
எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரிகிறது,
வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்கும் தெரிகிறது.
அச்சடித்துச் சொல்லத்தான் அனுமதி இல்லை.
கையால் எழுதிய சீட்டை
ஆலை வாசலில் வாங்க மாட்டார்கள்.

போனில் இயந்திரக் குரல்.
ஏழேழு எண்ணாக ஒன்பது கட்டம் படிக்கச் சொன்னது.
பின்னால் நின்ற லாரிகளின் ஹாரனில்
ஐந்தாம் கட்டத்தில் தடுக்கி
முதலிலிருந்து படித்தேன்.
எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறீர்கள்?
ஒன்று.
அந்த ஒன்றுதான் சன்னலில் செத்துக் கிடக்கிறது
என்று சொல்ல எந்தப் பொத்தானும் இல்லை.
பிறகு ஒரு பெண் வந்தாள், பொறுமையானவள்.
பெட்டியோட வந்த உரிமம் மேடம்,
அந்தப் போர்டோட முடிஞ்சுது.
உடன்கட்டை என்று புரிந்துகொண்டேன்.

அடுத்து கோயம்புத்தூர், எடை மென்பொருள்காரர்.
பழைய மெஷின் கோடு சொல்லுங்க மேடம்.
கரிஞ்சு போச்சு சார்.
கோடு இல்லாம பழசை ரத்து பண்ண முடியாதுங்க,
ரத்து பண்ணாம புதுசு தர முடியாதுங்க.
ஒரு சாவியை ரெண்டு எடத்துல ஓட்டிடறாங்க.

கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.
போன வருடம் எங்கள் முதலாளி
கங்கைகொண்டான் மேடையில் ஓட்டியது
இதே சாவியைத்தான்.

அருள்ராயப்பன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.
என்ன கேக்கான்?
சொன்னேன்.
நம்ம வண்டிக்கு எஞ்சின் மாத்தியாச்சு,
கேபின் மாத்தியாச்சு,
டயருக்குக் கணக்கே கெடையாது.
ஆர்.டி.ஓ. ஆபீசுல எஞ்சின் நம்பர அடிச்சிட்டு
புது நம்பர எழுதிக் குடுத்தான்,
வண்டி அதே வண்டிதான்னுட்டான்.
ஒங்க பொட்டிக்கு சேஸிஸ் எதும்மா?

ஆறு வருடம் சுமக்கும் ஹார்ட் டிஸ்க் என்று நினைத்திருந்தேன்.
அல்லது ஸ்பேஸ் பட்டனில்
என் கட்டைவிரல் தேய்த்த வழவழப்பு.

கருகிய போர்டைப் படமெடுத்து அனுப்புங்க, பழைய பில்லும்,
பாக்கலாம் என்றார் கோயம்புத்தூர்க்காரர்.
அறை வெளிச்சம் போதவில்லை.
அருள்ராயப்பன் லாரியைப் பின்னால் எடுத்து
ஹெட்லைட்டைப் போட்டுக் கொடுத்தார்.
ஈர மேடையில் சாக்கு விரித்து அதை வைத்தேன்.
உள்ளே மீட்டர் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை.
பத்து கிலோவுக்குக் குறைந்தது எதுவும்
இந்த மேடைக்குக் கண் தெரியாது.

ஒன்பதே முக்காலுக்குச் சாவி வந்தது.
இருபத்தைந்து எழுத்து. இந்த ஒரு தடவைதான் மேடம்.
லாரி மறுபடி ஏறியது.
27,440.
இருபது கிலோ தண்ணீர் வடிந்திருக்கும்.
மீட்டர் சொன்னதைத்தான் அடித்தேன்.
சீட்டு எண் ஒன்று என்று விழுந்தது,
முந்தைய நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்
யாருடையதோ போல.

விண்டோசுக்கு முதலாளி பணம் தரவில்லை.
மூலையிலதான கெடக்கு, கெடக்கட்டும்.
கிடக்கிறது அந்தச் சாம்பல் வரி.
சீட்டில் விழுவதில்லை.