நடு உறுப்பு

சுத்த அறைக்குள் காகிதம் கூடாது.
காகிதத்தில் தூசி இருக்கிறதாம், பென்சிலில் அதைவிட.
அதனால் பாயான் லெப்பாஸில், இரவு ஷிப்டில்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள்
கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் போவேன்.
இன்றைக்கு பஸ்ஸில் பார்த்தது ஒன்றே ஒன்று:
எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஐந்து எக்ஸ்,
கழித்தல் இருபத்து நான்கு.

முப்பத்தாறு வயதில் எஸ்.பி.எம். கணக்குக்கு மறுபடி உட்காருகிறேன்.
கிரெடிட் கிடைத்தால் டெக்னீஷியன், நானூறு வெள்ளி கூடும்.
தமிழ்ப்பள்ளியில் காரணி என்றார்கள்.
இடைநிலைப்பள்ளியில் அதே சாமான் ஃபக்தோர் ஆனது.
கடைசி பெஞ்சில், இரண்டுக்கும் நடுவே, நான் தொலைந்தேன்.
காரணி, காரணம்: ஒரே வீட்டுச் சொற்கள் என்று
இப்போதுதான் படுகிறது.

பெருக்கினால் இருபத்து நான்கு, கழித்தல் குறியோடு.
கூட்டினால் ஐந்து, அதுவும் கழித்தல்.
ஆறும் நான்கும் ஒத்துவரவில்லை.
பன்னிரண்டும் இரண்டும் பத்தில் போய் நின்றன.
இருபத்து நான்கும் ஒன்றும், பார்க்கவே வேண்டாம்.

மூன்று மணிக்கு, கண்ணாடிக்கு அப்பால்,
லீடர் ஊய் பலகையில் எழுதினாள்:
லைன் ஏழு, ஆள் கணக்கு, கழித்தல் ஐந்து.
மார்க்கரை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்து பேர் போகவில்லையே.
எட்டுப் பேர் போனார்கள். தெய்வானை, ரொஸ்னா,
லாக்கரில் எப்போதும் ஜெருக் மாங்காய் வைத்திருக்கும் சீ ஹுவா.
மற்ற ஐவர் பெயரும் சொல்வேன், தட்டு நிறைந்துவிட்டது.
மூவர் வந்தார்கள், நேபாளத்திலிருந்து.
ஒருத்தி பிமலா, அவளுக்கு ஷூ ஒரு சைஸ் பெரிது.
கழித்தல் எட்டு. கூட்டல் மூன்று.

முகமூடிக்குள் சிரித்தேன், கண்ணாடி பனித்தது.

நடு உறுப்பு இப்படித்தான் போலிருக்கிறது.
போனவரையும் வந்தவரையும் விழுங்கிவிட்டு
ஒற்றை எண்ணாய், வாய் துடைத்து உட்கார்ந்திருக்கும்.
பிரித்தால்தான் வெளியே வருவார்கள்,
இரண்டு அடைப்புக்குறிகளில், முதுகோடு முதுகு.
இருபத்து நான்கு?
எட்டுப் பேர் வேலையை மூவர் பார்த்தால்
வருகிற எண் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எஃகு மேசையில் கையுறை விரலால் எழுதினேன்:
எக்ஸ் கூட்டல் எட்டு, எக்ஸ் கழித்தல் மூன்று.
விரித்துப் பார்த்தால் ஐந்து கூட்டலாக நிற்கிறது,
எட்டுப் பேரும் திரும்பி வந்து
பிமலாவும் மற்ற இருவரும் பெட்டியோடு கிளம்பியதுபோல.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.
எஃகில் எதுவும் பதிந்திருக்கவில்லை.
இருந்தும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு
குறியை மாற்றினேன்.