விடுபட்ட எண்

புதன் இரவு. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுக் காற்று
ஆலயத்து நிலவறைச் சன்னலை உலுக்குகிறது.
மடக்கு நாற்காலிகள் ஒன்பது, ஆறிய காப்பி.
மிருகம் யார் என்பதே இந்த வாரமும் கேள்வி.

ரோமாபுரி ராயன் என்கிறார் போதகர் ஹாலர்,
எபிரெய எழுத்துகளைக் கரும்பலகையில் கூட்டி.
அவன் செத்து எத்தனை காலமாயிற்று என்கிறாள் லவோன்;
அவளுக்கு வங்கியின் மேல்தான் சந்தேகம்.
எல்டனுக்கு எழுபதுகளில் ஓர் ஆள் இருந்தான்,
தொண்ணூறுகளில் இன்னொருவன்.
இருவரும் மூப்பெய்தி, படுக்கையில்
சாதாரணமாய்ச் செத்துப்போனதை
அவர் இன்னும் மன்னிக்கவில்லை.
வெர்லின் தன் கடன் அட்டையைத் தட்டிக் காட்டுகிறான்:
இந்தச் சில்லுதான், பாருங்கள்.

நான் வாய் திறக்கவில்லை.
விரலிடுக்கில் இன்னும் அயோடின் மஞ்சள்.

இந்த அறையில் எல்லோரும் முத்திரை போடுகிறவர்கள்.
நெற்றியில் அல்ல; இடது விலாவில்,
பழுக்கக் காய்ச்சிய இரும்பால்.
மயிர் கருகும் வாடைக்கு ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.
பிறகு காதில் மஞ்சள் வில்லை.
எண் இல்லாத கன்றை
எங்கள் சந்தையில் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

என் மாமனார் விட்டுப்போன வழக்கம் ஒன்று:
665க்கு அடுத்தது 667.
நடுவில் உள்ள வில்லை
திருகாணிகளோடு இழுப்பறையில் கிடக்கும்.
ஆண்டுக்கு ஒன்றாய் இருபத்திரண்டு.

கைப்பேசி அதிர்ந்தது. தலையீற்றுக் கிடேரி,
முன்னங்கால் ஒன்று மட்டும் வெளியே.
வேதத்தை மூடாமலே வண்டியில் ஏறினோம்.

வெர்லின் சங்கிலியைப் பிடித்தான்.
போதகர் வாலைப் பிடித்தார்.
நான் தோள்வரை கைவிட்டு,
பின்னால் மடங்கிய தலையைத் தேடினேன்.
அரைமணி நேரம் எந்த ராயனும் இல்லை, எந்த வங்கியும் இல்லை,
கொட்டகையில் எங்கள் மூச்சின் ஆவி மட்டும்.

விழுந்தது. காளைக்கன்று. வைக்கோலால் மூக்கைக் கிண்டினேன்,
தும்மியது.

ஏட்டில் கடைசி எண் 665.
போதகர் பேனாவோடு நின்றார்.
அடுத்தது என்ன என்று கேட்டார், தெரியாதவர் போல.
நான் இழுப்பறையைத் திறந்தேன்.
மேலே கிடந்ததை எடுத்துக் குத்தினேன்.
வெர்லின் தொப்பியைக் கழற்றிப் பின் மாட்டிக்கொண்டான்.
கன்று ஒருமுறை காதை உதறிவிட்டு
மடியைத் தேடித் தடுமாறியது.

அக்டோபரில் அதை ஏலத்துக்கு ஏற்றினேன்.
கொழுத்த கன்று, ஆனாலும்
கை தூக்க ஆளில்லை.
பவுண்டுக்கு எட்டு சென்ட் குறைவாய்ப் போயிற்று.

வாங்கியவர் எல்டன்.
எண்ணைப் பார்க்கவில்லையாம்,
கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம்.