நாட்காட்டிக்குப் பின்னால்

மூன்று நாள் பயிற்சி.
கடைசி நாள் காவல்துறையிலிருந்தும் ஓர் ஆள் வேண்டுமாம்.
சார்ஜென்ட் என்னைப் பார்த்தார்.
மதியச் சோறும் பயணப்படியும் உண்டென்றார்கள்.
போனேன்.

மொயாம்பா சாலைப் பள்ளிக்கூடம்,
தகரக் கூரை, மழை.
ஃப்ரீடவுனிலிருந்து வந்த வாண்டிக்கு
வாய் அசைவது மட்டும் தெரிந்தது.
அரைமணி நேரம் அரசியல் சட்டம்
யார் காதிலும் விழாமல் நடந்தது.
பிறகு தாளைச் சுருட்டி வைத்துவிட்டு
நாடகம் போடுவோம் என்று கையால் காட்டினார்.

யார் போலீஸ்?

எல்லாக் கண்ணும் என்மேல்.
நான் எழுவதற்குள் பைண்டு எழுந்துவிட்டாள்.
புகைபோட்ட மீன் விற்கிறவள்.
புருஷன் வாங்கிய கடனுக்காக
போன வருஷம் நாலு ராத்திரி
எங்கள் கொட்டடியில் இருந்தவள்.

வாத்தியார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.
பேனாமூடியால் மேசையைத் தட்டினாள், மூன்று தட்டு.
எதிரே நிற்பவனை நிமிர்ந்து பாராமல்
எழுதுவதுபோல் எதையோ எழுதினாள்.
அப்புறம் இருமினாள்.
அந்த இருமலுக்கு ஒரு விலை இருந்தது.
நின்றவன் பையைத் தடவினான்.
வெறுங்கையை நீட்டினான், பணமென்று பாவித்து.
அவள் எண்ணவில்லை. பதிவேட்டுக்கு அடியில்
தள்ளினாள்
முழங்கையால்.

முழங்கையால்!
அதை நானே கவனித்ததில்லை.

மழை எப்போது விட்டதோ.
முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.
பின்வரிசைப் பையன் ஒருவன்
தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

நிற்பவன் என்ன கேட்டிருக்க வேண்டும் என்றார் வாண்டி.
எல்லா ஸ்டேஷன் சுவரிலும் எழுதியிருக்கும் ஒன்றைக்
கரும்பலகையில் எழுதினார்.
பைண்டு எழுத்தறியாதவள்.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல்
அந்த எழுத்துகளின் உருவத்தையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மரவள்ளிக் கீரையும் சோறும் தின்று
கையெழுத்துப் போட்டுப் படியை வாங்கிக்கொண்டேன்.

பதினேழாம் நாள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.
பக்கத்து வீட்டு மோமோ உள்ளே இருந்தான்,
வாடகைக்கு பைக் ஓட்டுகிறவன்.
சாவி என் இழுப்பறையில்.
பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் வெள்ளிக்கிழமை கட்டவேண்டும்.
வருவதில் பாதி சாயங்காலம் சார்ஜென்டுக்கு.

கையில் பேனா. தட்டவில்லை.
தட்டினால் அவளைப் பார்த்துக் கற்றதுபோல் ஆகிவிடும்.
இருமல் வந்தது, நிஜச் சளியிருமல்.
விழுங்கினேன், கண்ணில் நீர் முட்ட.

அந்தக் காலண்டரைக் கொஞ்சம் தூக்குங்க, என்றாள்.

அரிசிக் கம்பெனிக் காலண்டர்.
மாட்டியவன் நான்தான்.
ஆகஸ்ட் மழையிலும் மார்ச் மாதம் காட்டியது.
மாதம் பார்க்க யாரும் அதை மாட்டவில்லையே.

தூக்கினேன்.
சுவரெங்கும் புகையும் கையழுக்குமாய்ப் பழுத்திருக்க
அந்த ஒரு சதுரம் மட்டும்
நேற்று பூசியதுபோல் இருந்தது.
சிவப்பில்:
ஜாமீன் இலவசம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாதென்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போனாள்.
கடைசியில் நின்றாள்.
இது அந்தப் பலகையில் இல்லையே?
அது எழுத்தில்லை, என்றேன்.
பெயிண்ட் வழிந்தது.
ஓ, என்றாள். அதையும் மனதில் வைத்துக்கொண்டாள்.

இழுப்பறையைத் திறந்தேன்.
என்னய்யா அங்கே, உள்ளேயிருந்து சார்ஜென்ட்.
ஜாமீன், சார்.
எவ்வளவு?

பைண்டு என் முழங்கையைப் பார்த்தாள்.
இன்னொரு கையில் காலண்டர்,
ஆணி அதே இடத்தில்.