பற்றுப் பக்கம்

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
எங்களுக்கு ஓர் அறை.
மேசைக்கு மூன்று கால். நாலாவதுக்குப்
பழைய டெலிபோன் டைரக்டரி.
சனிக்கிழமைதோறும் தேவகோட்டை பஸ்ஸில்
சபுரா வருவாள், மனநல ஆலோசகர்.
ஒரு வாரத்து வாக்கியங்கள் அவள் பையில்.
பெயர்களை ஆஸ்பத்திரியிலேயே
கழற்றி வைத்துவிட்டு வருவாள்.
சோலையப்பன் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன்;
படியேறும்போதே வாதத்தின் பாதியில் இருப்பான்.
ஈப்போவிலிருந்து போனில் தெய்வானை,
எங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.
அவள் இங்கிலீஷில் எழுதுவாள்.
நான் தமிழாக்குவேன்.
அதாவது, எல்லோரும் சண்டை போட்டு
மிச்சம் கிடப்பதை எழுதி எடுப்பேன்.

அந்த மாதக் கட்டுரை குழந்தைகளைப் பற்றி.
அம்மா அறையை விட்டுப் போனதும்
எட்டு மாதப் பிள்ளை கதவையே பார்க்கிறதே,
அதைப் பற்றி.
'பற்று' என்று போட்டேன்.
யோசிக்கவில்லை. கைக்கு வந்தது.

"அறுக்கச் சொன்னதை வளர்க்கச் சொல்றியா?"
என்றான் சோலை.
"இந்த மொழியில் பற்று என்றால்
விட வேண்டியது. எத்தனை நூற்றாண்டாக!"
"விடணும்னா முதல்ல இருக்கணும்" என்றாள் சபுரா.
"இல்லாமலே வளர்ந்தவங்களை
நான் புதன்கிழமை பார்க்கிறேன். வந்து உட்காரு."

வேறு சொல் தேடினோம்.
பிணைப்பு: கைவிலங்குச் சத்தம் கேட்கிறது.
ஒட்டுதல்: கீழே கடையில் பசை டப்பா.
பாசம்: சைவத்தில் அதுவும் கயிறு,
சினிமாவில் அது அண்ணன் தங்கை.
"உங்க ஊர்ல என்ன சொல்வாங்களோ
அதையே போடுங்க லா" என்றாள் தெய்வானை.
பின்னால் அவள் மகன் அழுதான்.
"இருங்க" என்று போனவள்
இருபது நிமிஷம் வரவில்லை.
மேசைமேல் போன் அழுதுகொண்டிருந்தது.
அது நிற்கும்வரை மூவரும்
ஒரு வார்த்தை பேசவில்லை.
கட்டுரையில் இது இல்லை.

எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?
டீக்கடை அழகு நோட்டோடு மேலே வந்து நின்றான்.
"பற்று தொள்ளாயிரத்து நாப்பது ஆச்சுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
பேரேடு எழுதிப் பிழைத்த சீமையில்
பற்று என்றால் கொடுக்க வேண்டிய பாக்கி!
பத்துப் பாத்திரம் அதுதான்,
சோறு விட மனமில்லாமல் ஒட்டிய பாத்திரம்.
தலைவலிக்கு நெற்றியில் போடுவது அது.
தீ செய்வது அது.
எதைப் பற்றிப் பேசினாலும்
அதைப் பற்றித்தானே பேச வேண்டியிருக்கிறது,
என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

சோலை சிரிக்கவில்லை.
"மொழி நம்மை ஏமாத்துது, நீ ரசிக்கிறே."
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மூன்று சனிக்கிழமை வரவில்லை.
அவன் நாற்காலியில்
சபுராவின் பை உட்கார்ந்தது.
நான் பற்று என்றே வைத்தேன்,
அடிக்குறிப்புகூட இல்லாமல்,
வீம்புக்கு.
அதே இதழுக்கு அவன் முன்பே தந்திருந்த
துறவுக் கட்டுரையிலும் அதே சொல்,
பதினொரு இடத்தில்.
சபுரா அதை இரண்டு முறை வாசித்தாள்.
ஓரத்தில் பென்சிலால்
'இவருக்கு விட என்ன இருந்தது?' என்று எழுதி
உடனே அழித்தாள்.
அழித்தது தெரிகிறது.

நாலாவது வெள்ளி ராத்திரி
போனில் அவன் குரல் வந்து கிடந்தது.
வணக்கம் இல்லை, வருத்தம் இல்லை,
பின்னால் ஏதோ பஸ்ஸின் ஹாரன்.
"பதினாலாம் பக்கம், மூணாவது வரி.
தாய் பற்று இல்லை. தாய்ப்பற்று.
ரெண்டும் சேர்ற இடத்துல
ஒற்று மிகும்."

திரும்பவும் கேட்டேன், திருத்தத்துக்காக.
அப்புறம் இன்னொரு தடவை.

காலையில் படியேறும்போது அழகுவிடம்
இன்றைக்கு டீ மூணு என்றேன்.
காதிலிருந்த பேனாவை எடுத்து
எழுதிக்கொண்டான்.