இடப்பக்கம்

மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவைத்த இரவு.
சூரியன் எட்டியே பார்க்காத ஜனவரியில்
இரவென்று சொல்வதும் ஒரு வழக்கத்துக்குத்தான்.
கடிகாரம் இரண்டு மணி என்றது.

டீசல் எஞ்சின் ஒன்று,
சரளைக்கல் ஏற்றிய பெட்டிகள் நான்கு,
மொத்தம் இருபத்திரண்டு அச்சு.
கிரூனாவிலிருந்து மேற்கே ஓட்டிப்போகிறேன்.
ஸ்டோர்டாலெனைத் தாண்டி
ஏரி உறைந்துகிடக்கும் வளைவில்
கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான் நிஸ்கா,
தண்டவாளத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பி கொடுத்து
நடுவில் தன் மீட்டரோடு.

சிக்னல் பிரிவுக்காரன். ஆனால் இது வேலையில்லை.
சாப்பாட்டு அறையில் முற்றிய ஒரு வாக்குவாதம்.

பூமியின் காந்தம் இந்த ஊரில்
ஏறக்குறைய செங்குத்தாய்த் தரைக்குள் இறங்குகிறது, என்றான்.
ஃபிரிட்ஜ் கதவில் படம் ஒட்டும் காந்தத்தில்
நூறில் ஒரு பங்குகூடத் தேறாது;
ஆனாலும் உன் அச்சு ஒவ்வொன்றும்
அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் ஓடுகிறது.
அறுக்கிற இடத்தில் மின்சாரம் ஊறும்.

ஊறினால் எனக்குத் தெரியாதா என்றேன்.
போன வாரமே பார்த்தாயிற்று:
அச்சின் இரு முனையிலிருந்தும் கம்பி இழுத்து
மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு
அறுபது கிலோமீட்டர் வேகத்தில்
பூஜ்யம்.

அவன் காப்பிக்குள் சிரித்தான்.
உன் கம்பியும் உன்னோடுதானே ஓடுகிறது, ரக்னா?
அச்சைத் தள்ளுவது அதையும் தள்ளுகிறது.
இரண்டும் சமமாய்த் தள்ளப்பட்டால்
மீட்டர் எதைச் சொல்லும்?
யாராவது ஒருவர் சும்மா நிற்க வேண்டும்.

அப்படித்தான் அவன் அங்கே நிற்கிறான்,
மைனஸ் இருபத்தாறில்.

வயர்லெஸ் கரகரத்தது.
ஒன்று புள்ளி இரண்டு, என்றான்.
மில்லிவோல்ட்.
ஒரு குண்டூசி விளக்குக்குக்கூட ஆகாது.
இருபத்திரண்டு அச்சும் கூடிச் செய்ததா என்றேன்.
இல்லை, ஒன்று செய்தாலும் அவ்வளவுதான்.
பக்கத்தில் பக்கத்தில் நின்று
எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

பச்சை ஒளி ஆடும் இரவுகளில்
எண் பேய் பிடித்ததுபோல் குதிக்குமாம்.
இன்று மேகம். ஊசி அசையாமல் நிற்கிறது, நீ
நன்றாக ஓட்டுகிறாய்.

அப்போதுதான் முன்விளக்கில் கண்கள்.
முதலில் இரண்டு; அப்புறம் எண்ண முடியவில்லை.
பனி ஆழம் என்று தண்டவாளத்துக்கு ஏறிவிட்ட கலைமான்கள்,
நடுவில் ஒரு குட்டி, ஒரு காலைத் தூக்கியபடி.
பிரேக்கை இழுத்தேன்.
ஹாரன் அடிக்கவில்லை. அடித்தால் ரயிலின் பாதையிலேயே ஓடும்,
விலகாது; அதை ஒருமுறை பார்த்தது போதும்.
மணல் கொட்டியது, சரளை முனகியது,
வாயைத் திறக்க எனக்கு நேரமில்லை.

வயர்லெஸ்ஸில் அவன் குரல், மெதுவாக:
பூஜ்யம் புள்ளி எட்டு.
புள்ளி ஐந்து.
புள்ளி ஒன்று.
ரக்னா?

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், இருட்டில்,
நான் நிற்பதை
இரும்பில் கைவைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறான் ஒருவன்.
கலைமான், என்றேன்.
எத்தனை?
எல்லாம் நிற்கின்றன. எல்லாம்.

விடியாத அந்த விடியற்காலையில்
சரளையைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன்.
மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு, என்றான்,
தலைகீழாகிவிட்டது பார்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நிஸ்கா.
போகும்போதும் என் இடப்பக்கம்தான்,
வரும்போதும் என் இடப்பக்கம்தான்.

அவன் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.
கையுறையைக் கழற்றி
இடக்கையைச் சன்னலில் வைத்துப் பார்த்தேன்.
கண்ணாடி சில்லென்றிருந்தது, அவ்வளவுதான்.